ஜோடிக் கணக்கை மறந்துவிடுங்கள்: சாதுவான மீன்களோடு ஒரு நன்னீர்த் தொட்டி அமைக்க முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது "ஜோடி எவ்வளவுண்ணா?" என்ற கேள்விதான். கப்பி ஜோடி, மோலி ஜோடி, ஏஞ்சல் ஜோடி. நம் ஊரில் வண்ண மீனுக்கு விலை பேசுவதே ஜோடிக் கணக்கில். புதிதாகத் தொட்டி வாங்கியவர் கண்ணில் பட்டதிலெல்லாம் ஒவ்வொரு ஜோடி கேட்டு வாங்கி, ஏழெட்டு கவர்களோடு பைக்கில் ஏறுகிறார். "எல்லாம் சாதுவான மீன்தான் சார், ஒண்ணா விடலாம்" என்று கடையிலும் சொல்லி அனுப்புகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2 அடித் தொட்டி. ஒரு ஜோடி டைகர் பார்ப், ஒரு ஜோடி ப்ளூ கௌராமி, ஒரு ஜோடி ஏஞ்சல், இரண்டு ஜோடி நியான் டெட்ரா, ஒரு ஜோடி கப்பி, பாசி தின்ன ஒரு சக்கர். மூன்றாம் நாள் காலையில் ஆண் கப்பியின் விசிறி வாலில் பாதி இல்லை. ஏஞ்சலின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் இரண்டு நீள இழைகளை டைகர் பார்ப் பின்னாலிருந்து வந்து கவ்வி இழுப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். நியான்கள் நான்கும் நிறம் வெளுத்துப்போய் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்று வாரம் கழித்து மிஞ்சியவை டைகர் பார்ப்பும் சக்கரும்தான்.

அந்த மீன்கள் ஒவ்வொன்றும் தன் இயல்பில்தான் நடந்துகொண்டன. பத்துப் பன்னிரண்டாகக் கூட்டத்தில் இருந்திருந்தால் டைகர் பார்ப் தங்களுக்குள்ளேயே விரட்டி விளையாடியிருக்கும். இரண்டே இரண்டை விட்டதால் பக்கத்து வீட்டு வாலைப் பிடித்தது. மீன் சாதுவாக இருக்குமா என்பதை அதன் இனம் மட்டும் முடிவு செய்வதில்லை. கூட்டத்தின் எண்ணிக்கை, ஆண் பெண் விகிதம், தரைப்பரப்பு, தண்ணீரின் தன்மை எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டியில் மீன் பட்டியல் நடுவில் வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

படி 1: தொட்டியை அளந்து கொள்ளுங்கள்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் 45 லிட்டர்தான் இருக்கும். 3 அடி நீளம், 15 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம் என்றால் 159 லிட்டர். கையில் நிற்பது 130 லிட்டர் சொச்சம். பலவகை மீன்களை ஒன்றாக வளர்க்கும் கம்யூனிட்டி தொட்டிக்கு இந்த 3 அடியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். நீளம் கூடினால் விரட்டப்படும் மீனுக்கு ஓடி ஒதுங்க இடம் கிடைக்கும். உயரமாக, ஒடுக்கமாக இருக்கும் அழகுத் தொட்டிகளில் லிட்டர் கணக்கு எவ்வளவு இருந்தாலும் ஓட இடம் இல்லை.

எடையையும் மறக்க வேண்டாம். தண்ணீர் மட்டுமே 130 கிலோ. கண்ணாடி, மணல், கல் சேர்த்தால் 200 கிலோவைத் தொடும். டிவி வைக்கும் பிளைவுட் ஸ்டாண்டு தாங்காது.

படி 2: உங்கள் தண்ணீர் என்ன தண்ணீர்?

இதை மட்டும் யாரும் செய்வதில்லை. மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற தண்ணீரை உண்டாக்கப் போராடுகிறார்கள். வீட்டுக் குழாயில் என்ன வருகிறதோ அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டரும், பி.எச். (அமிலமா காரமா என்ற அளவு), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டும் வாங்கிவிடுங்கள். என் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். 900-க்குக் குறையாது, பி.எச். 7.8. பக்கெட்டில் வெள்ளைத் திட்டு படியும் கடினத் தண்ணீர். இதில் கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் எல்லாம் கொண்டாட்டமாக இருக்கும். மோலி கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீரில்கூட வாழக்கூடியது. தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியிலிருந்து வந்த நியான், கார்டினல் டெட்ராக்களுக்கோ மென்மையான, லேசான அமிலத் தண்ணீர்தான் பிடிக்கும். அவைதான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து டி.டி.எஸ்.ஸை 200 பக்கம் கொண்டுவர வேண்டும். வாராவாரம் தண்ணீர் மாற்றும்போதும் அதே கலவை வேண்டும். அந்த உழைப்புக்குத் தயார் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தவறு. அதில் தாது உப்பு மிகக் குறைவாக இருப்பதால் பி.எச். நிலையாக நிற்காது.

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த டிரம்மில் ஏர் மோட்டார் போட்டு வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

அடுத்தது வெயில். மீன் வளர்ப்பு பற்றிப் படிப்பதில் பாதி குளிர் நாட்டில் எழுதப்பட்டது. ஹீட்டர் எத்தனை வாட் என்று பேசும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் தானாகவே 31, 32 டிகிரிக்குப் போய் நிற்கிறது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தங்கக்கூடியது 32 டிகிரியில் 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சும் அதிகம் வாங்கும். நியான் டெட்ராவுக்கு 25 டிகிரிக்கு மேல் சங்கடம்தான். கார்டினல் டெட்ரா 28, 29 வரை தாங்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். சிவப்புப் பட்டை உடம்பின் பின்பாதியில் மட்டும் இருந்தால் நியான். தலை முதல் வால் வரை முழு நீளத்துக்கு இருந்தால் கார்டினல். நம் ஊருக்கு எது பொருத்தம் என்பது இந்தப் பட்டையிலேயே தெரிந்துவிடும். கோடையில் தொட்டியின் மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகும் தண்ணீரை அன்றாடம் ஈடுகட்டுங்கள், அதுவும் ஆர்.ஓ. தண்ணீரால். போர் தண்ணீரை விட்டுக்கொண்டே போனால் உப்பு மட்டும் தங்கித் தங்கிக் கூடிவிடும்.

படி 3: மீன் இல்லாமல் தொட்டியை ஓட விடுங்கள்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவதை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு ஃபில்டரை இரவு பகலாக ஓட்டுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று டெஸ்ட் கிட் காட்டும் நாளில்தான் தொட்டி தயார். மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். காத்திருக்கும் காலம் பாதியாகக் குறையும்.

மீன் குணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அம்மோனியாவில் எரிச்சல்படும் மீன் பதறிக்கொண்டேயிருக்கும். ஒன்று ஒடுங்கும், இல்லை சீறும். நம் கடினத் தண்ணீரின் உயர்ந்த பி.எச்.சிலும் சூட்டிலும் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும்.

படி 4: சண்டை எங்கிருந்து வருகிறது?

"சாது" என்ற சொல்லைக் கடையில் கேட்கும்போது மனதுக்குள் நான்கு கேள்விகளை ஓட்டிப் பாருங்கள். நான்குக்கும் பதில் தெரிந்த பிறகுதான் அந்த மீனைச் சாது என்று சொல்லலாம்.

முதல் கேள்வி: இதன் வாயில் அது நுழையுமா? மீன்கள் கடிபட்டுச் சாவது மட்டும் இல்லை, விழுங்கப்பட்டுக் காணாமல் போவதும் உண்டு. ஏஞ்சல் சிறியதாக இருக்கும்போது நியானோடு நன்றாகத்தான் சுற்றும். ஆறேழு மாதத்தில் அது வளர்ந்து பெரிதானதும் 3 செ.மீ. நியான் ஒரு வாய்க்கு உணவு. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு நடக்கும், காலையில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். உடலைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மீன்களும் வளர்ந்து முடிந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதை வைத்து முடிவெடுங்கள். கடையில் இருப்பது குஞ்சு.

இரண்டாவது: வால் கடிக்கும் பழக்கம் உண்டா? டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா, கறுப்பு விடோ டெட்ரா மூன்றும் இதற்குப் பேர்போனவை. நீண்ட துடுப்போடு மெதுவாக நீந்தும் எதையும் விடாது. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி இருக்கும் தொட்டியில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. கூட்டம் பெரிதானால் கடிப்பது குறையும் என்பது உண்மைதான். ஆனால் நின்றுவிடும் என்று நம்பி ஏஞ்சலைப் பணயம் வைக்க வேண்டாம்.

மூன்றாவது: எல்லை வகுக்குமா? ரெட் டெயில் ஷார்க் என்று விற்கும் கறுப்பு உடம்பு, சிவப்பு வால் மீன் ஒரு குகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வரும் எல்லோரையும் விரட்டும். அது உண்மையான சுறா இல்லை, கெண்டைக் குடும்பத்து மீன்தான். 12 செ.மீ. வளர்ந்து 3 அடித் தொட்டியின் தரை முழுவதையும் தனக்கென்று எழுதிக்கொள்ளும்.

நான்காவது: ஆண்கள் எத்தனை? டுவார்ஃப் கௌராமி ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைத் துரத்தித் துரத்தியே சோறு தண்ணி இல்லாமல் சாகடிக்கும். கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களில் ஆண்கள் பெண்ணை ஓய்வில்லாமல் விரட்டும். ஜோடியாக வாங்கினால் அந்த ஒரு பெண்ணுக்கு நிம்மதியே கிடையாது. ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விட்டால் தொல்லை பகிர்ந்துபோகும். குட்டி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்கலாம். பெண் கப்பி விந்தணுவைப் பல மாதம் உடலில் சேர்த்து வைத்திருக்கும். ஆணே இல்லாத தொட்டியில் விட்டாலும் மாதம் ஒரு முறை குட்டி போட்டுக்கொண்டிருக்கும், "இது எப்படி?" என்று நீங்கள்தான் குழம்புவீர்கள்.

படி 5: மேல், நடு, கீழ் என்று பிரித்துத் தேர்ந்தெடுங்கள்

ஒரே தளத்தில் நான்கு வகை நீந்தினால் நெரிசல். மேலே ஒன்று, நடுவில் ஒன்றிரண்டு, தரையில் ஒன்று என்று பிரித்தால் அதே தொட்டி விசாலமாகத் தெரியும். 3 அடிக்கு மொத்தம் நான்கைந்து வகை போதும். கைவிரலில் எண்ணக்கூடிய வகைகள், ஒவ்வொன்றிலும் நிறைய மீன்கள் என்பதுதான் என் ஒரே விதி.

நடுத்தளத்துக்கு என் முதல் தேர்வு ஹார்லக்வின் ரஸ்போரா. மலாய் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா பக்கத்து மீன். செம்பு நிற உடம்பு, பின்பாதியில் ஆட்டுக்கறித் துண்டு போல ஒரு கறுப்பு முக்கோணம். 5 செ.மீ.க்கு மேல் வளராது. யார் வாலையும் தொடாது. நம் சூட்டை 28 டிகிரி வரை தாங்கும். எட்டு அல்லது பத்தாக விட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும். அந்தத் திருப்பத்தைப் பார்த்தவர்கள் மறுபடி இரண்டு இரண்டாக வாங்க மாட்டார்கள்.

அதற்கு ஈடாக நான் சொல்வது செர்ரி பார்ப். இது நம் பக்கத்து வீட்டு மீன். இலங்கையின் தென்மேற்கு ஈரக்காடுகளில், களனி ஆற்றிலிருந்து நில்வளை ஆறு வரையான நிழல் ஓடைகளில் மட்டும் இயற்கையாக வாழ்கிறது. இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1929-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பார்ப் என்ற பெயரைப் பார்த்து டைகர் பார்ப் குணம் இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். தொட்டியிலேயே கூச்சம் அதிகமான மீன் இதுதான். ஆண் மீன் பெண்ணைக் கவரும்போது முற்றிய மிளகாய்ச் சிவப்பாக மாறும், பெண் பழுப்பு. செடி அடர்த்தியாக வைத்து, நான்கு ஆண், நான்கைந்து பெண் என்று விடுங்கள். வெறும் தொட்டியில் விட்டால் நிறமே வராது. கடையில் வெளுத்துத் தெரிகிறது என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் அதனால்தான் அதிகம்.

கார்டினல் டெட்ரா பத்துப் பதினைந்தாக ஒரு இருண்ட தொட்டியில் நீந்துவதைப் போன்ற காட்சி நன்னீரில் வேறு கிடையாது. மென் தண்ணீர் தர முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீனே. கங்கைச் சமவெளியில் வாழ்வது, எதையும் தாங்கும். மின்னல் வேகத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருப்பதால் அமைதியான கௌராமிக்குத் தலைவலி. டேனியோ வாங்கினால் நிதானமான மீன்களை விட்டுவிடுங்கள்.

மேல்தளத்துக்குக் கௌராமி. செவுளுக்கருகே உள்ள ஒரு சிறப்பு உறுப்பால் இவை காற்றையும் சுவாசிக்கும், அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 2 இன்ச் இடம் விட வேண்டும். ஹனி கௌராமி வங்காளம், அஸ்ஸாம் பக்கத்து மீன்; 5 செ.மீ.தான், தேன் நிறம், வயிற்றிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய தொடு இழைகளால் எதிரே வரும் செடி, கல், சக மீன் எல்லாவற்றையும் மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். பேர்ல் கௌராமி 12 செ.மீ. வளரும், உடம்பெல்லாம் முத்து இறைத்தாற்போல் புள்ளி. ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்று 3 அடித் தொட்டியில் விடலாம். ப்ளூ கௌராமி, கோல்டு கௌராமி என்று விற்பது இரண்டும் ஒரே இனம், வளர்ந்த பிறகு முரடாகும். டுவார்ஃப் கௌராமியைப் பண்ணையிலிருந்து வரும்போதே ஒரு வைரஸ் தொற்றியிருப்பது அடிக்கடி நடக்கிறது, மருந்தும் இல்லை. அதனால் நான் ஹனியோடு நின்றுவிடுகிறேன்.

தரைக்குக் கோரிடோராஸ். "கோரி" என்று கேட்டால் கொடுப்பார்கள். இவற்றை மீன் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் வேலைக்காரர்கள் என்று நினைத்து வாங்குகிறார்கள், பாவம், பட்டினி போடுகிறார்கள். கோரி கழிவைத் தின்னாது. மூழ்கும் மாத்திரைத் தீவனம் தனியாகத் தர வேண்டும், அதுவும் விளக்கு அணைத்த பிறகு, மேல் மீன்கள் தூங்கப்போன நேரத்தில். தரையில் கூர்மையான சரளை இருந்தால் வாயருகே உள்ள மீசை தேய்ந்துபோகும். நல்ல ஆற்றுமணல் போல் மென்மையான மணல் வேண்டும். மணலில் மூக்கை நுழைத்துக் கண் வரை புதைத்துத் தேடும். திடீரென்று ஒன்று செங்குத்தாக மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அது மூச்சுத் திணறல் இல்லை, குடலால் காற்றைச் சுவாசிக்கும் அதன் வழக்கம். எல்லாம் சேர்ந்து திரும்பத் திரும்ப ஓடினால்தான் ஆக்சிஜனைப் பாருங்கள். ஆறுக்குக் குறையாமல், ஒரே வகையாக வாங்குங்கள். ப்ரான்ஸ் (வெண்கல நிற) கோரி சுலபமாகக் கிடைக்கும். ஸ்டெர்பாய் கோரி நம் சூட்டுக்கு இன்னும் ஏற்றது. பாண்டா கோரி குளிர்ச்சி கேட்கும், இங்கே வேண்டாம்.

பாசி தின்னச் சக்கர் வேண்டும் என்பவர்களுக்கு: பிரிஸ்டில்நோஸ் என்று கேட்டு ஒன்றே ஒன்று வாங்குங்கள், 12 முதல் 15 செ.மீ. வரைதான் வளரும். சாதாரணச் சக்கர் 40 செ.மீ.யைத் தாண்டும். கூலி லோச் என்ற பாம்புக்குட்டி போன்ற மீனும் தரைக்கு நல்லது. பகலில் ஒளிந்தே இருக்கும், ஆறேழாக விட்டால் தைரியமாக வெளியே வரும்.

படி 6: சாது என்ற பெயரில் விற்கப்படும், வாங்கக் கூடாதவை

சில்வர் ஷார்க் உண்மையிலேயே சாதுதான். ஆனால் ஓர் அடிக்கு மேல் வளரும், கூட்டமாக வாழும். வீட்டுத் தொட்டி எதுவும் போதாது. வெறும் "ஷார்க்" என்று இரண்டு இன்ச்சில் விற்கும் சாம்பல் நிற மீன் பங்காசியஸ். உணவுக்காக வளர்க்கும் கெளுத்தி இனம், ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. கோல்டன் சக்கர் என்று விற்கும் மஞ்சள் மீன் குட்டியில் பாசி தின்னும். பெரிதானதும் ஏஞ்சல் போன்ற தட்டை மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சும். கோல்டு ஃபிஷ் யாரையும் கடிக்காது, ஆனால் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் மிக அதிகம். அதற்குத் தனித்தொட்டிதான் நியாயம். ஃபைட்டர் ஆண், ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மிஸ் கேரளா பற்றி ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரள ஆறுகளில் வாழும் அழகான, சண்டை போடாத மீன். ஆனால் 15 செ.மீ. வளரும், குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் கேட்கும், காட்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். ஆற்றிலிருந்து பிடித்து வந்ததை வாங்காதீர்கள்.

கடையில் கண்ணாடி மீன் பச்சை, ரோஸ், ஆரஞ்சுக் கோடுகளோடு தெரிந்தால் அது ஊசியால் சாயம் ஏற்றியது. நம் குளங்களில் வாழும் கண்ணாடி போன்ற ஒளிபுகும் மீன் அது, இயற்கையில் அந்தக் கோடுகள் கிடையாது. சாயம் சில மாதங்களில் மங்கும். ஊசி பட்ட புண்ணில் நோய் பிடிக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள், நாம் வாங்கினால்தான் அடுத்த மீனுக்கும் ஊசி போடுவார்கள்.

படி 7: தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் பட்டியலை எழுதிவிடுங்கள். கடைக்குள் போனபிறகு முடிவு செய்தால் மீனின் நிறம்தான் முடிவு செய்யும்.

கடினமான போர் தண்ணீர், 3 அடித் தொட்டி என்றால் நான் இப்படி எழுதுவேன்: ஆண் கப்பி 10, செர்ரி பார்ப் 8, ப்ரான்ஸ் கோரி 6, பேர்ல் கௌராமி ஒரு ஆண் இரண்டு பெண். கொளத்தூர், திருவள்ளூர் பக்கத்துப் பண்ணைகளில் உள்ளூர்த் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன்களாகக் கேட்டு வாங்கினால் பிழைப்பது அதிகம். கப்பிக்குப் பதில் கறுப்பு மோலி வைக்கலாம். ஒரு ஆண், மூன்று பெண். குட்டிகளை என்ன செய்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. கலந்த மென் தண்ணீர், அதே 3 அடி என்றால்: கார்டினல் 15, ஹார்லக்வின் 10, ஸ்டெர்பாய் கோரி 6, ஹனி கௌராமி ஒரு ஆண் இரண்டு பெண், பிரிஸ்டில்நோஸ் ஒன்று.

2 அடி என்றால் ஆசையைக் குறைக்க வேண்டும். ஆண் கப்பி 8, கூலி லோச் 6. அவ்வளவுதான். 45 லிட்டரில் இதற்கு மேல் ஒரு மீன் வைத்தாலும் கோடையில் மின்சாரம் போகும் இரவில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று எந்தத் தொட்டிக்கும் கட்டாயம் வேண்டும்.

படி 8: கடையில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

கைநீட்டி "அதைக் குடுங்க" என்று சொல்லும் முன் தொட்டி முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறதா? உடம்பை மணலில், கல்லில் உரசுகிறதா? ரவை ஒட்டினாற்போல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? வயிறு உள்வாங்கியிருக்கிறதா? செத்த மீன் ஒன்று அதே தொட்டியில் கிடந்தாலும் அங்கே வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை என்பதையும் கவனியுங்கள். "கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். ஓடி வந்து தின்னும் மீன் நல்ல மீன். அன்று காலை வந்திறங்கிய சரக்கு என்றால் ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

"ஜோடியா எடுத்துக்கங்க சார்" என்றால், எட்டு வேண்டும், மொத்தமாக என்ன விலை என்று கேளுங்கள். எட்டாக வாங்கும்போது விலையும் இறங்கும்.

படி 9: தனி டப்பா, பிறகு தொட்டி

புது மீனை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். அதில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அங்கேயே வந்து அங்கேயே முடியட்டும். இதைச் சோம்பலில் ஒருமுறை தவிர்த்தேன். புதிதாக வந்த நான்கு மீனிலிருந்து பரவி, இரண்டு வருடம் வளர்த்த ஹார்லக்வின் கூட்டம் முழுவதும் பத்தே நாளில் போயிற்று.

கவரை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் உங்கள் தண்ணீரைக் கவரில் ஊற்றி, முக்கால் மணி நேரம் பழக்குங்கள். மீனை வலையால் எடுத்து விடுங்கள்; கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் கூட்டமாக வாழும் சிறு மீன்கள், இரண்டு வாரம் கழித்துக் கோரி, கடைசியாகத்தான் கௌராமி. எல்லை வகுக்கக்கூடிய மீன் முதலில் நுழைந்தால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று எண்ணிவிடும். பின்னால் வருகிறவர்களெல்லாம் அதற்கு அத்துமீறி நுழைந்தவர்கள். புதிய மீனை விளக்கணைத்து மாலையில் விடுங்கள். விடும் அன்று கற்களையும் செடிகளையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் கலைந்துபோகும்.

படி 10: முதல் மாதம்

தினமும் தீனி போடும்போது எண்ணுங்கள். எது வரவில்லை, எது மூலையில் நிற்கிறது, எதன் வால் நுனி கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். சும்மா துரத்துவது சண்டை இல்லை. இரண்டு விநாடி ஓட்டிவிட்டு விட்டுவிட்டால் அது ஊர்ப் பேச்சு. ஒரே மீனை ஒரே மீன் நாள் முழுக்க விரட்டினால், விரட்டப்படும் மீன் தின்ன வராவிட்டால், அன்றே பிரிக்க வேண்டும். எல்லோரும் விரட்டுபவனைத்தான் வெளியே எடுப்பார்கள், அதுதான் சரி. ஒரு வாரம் தனி டப்பாவில் வைத்துத் திரும்ப விட்டால் பல நேரம் பதவி போய் அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால் அந்தத் தொட்டி அதற்கு ஏற்றதல்ல.

அப்போது அதை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். உயிரோடு விடுகிறோம், புண்ணியம் என்று தோன்றும். தென் அமெரிக்கச் சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டின் ஏரிகளுக்குள் போனது. இன்று பல ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது. அதன் முள் துடுப்பு மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, உள்ளூர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் போட்டியாக நிற்கிறது, பிடித்தாலும் வாங்க ஆளில்லை. வாங்கும் அன்றே கடையில் கேட்டு வைத்துவிடுங்கள்: "பெருசானா, ஒத்துவரலன்னா திருப்பி எடுத்துப்பீங்களாண்ணா?" காசு தராவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். நான் கடைசியாக அந்தப் பழைய சக்கரை, முழங்கை நீளம் வளர்ந்ததை, ஈரத்துணி சுற்றிய ஒரு பக்கெட்டில் அப்படி ஒரு கடையில்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.